எழுத்துகளைச் சேர்த்து வைத்த ஆசிரியர் நா. கோவிந்தசாமி

முன்னுரை

சித்தன்னவாசல் மலைமீது ஏறி, ஏழடிப்பட்டம் என்னும் சமணர் குகையைக் காணாத மாணவர் நம் மாவட்டத்தில் குறைவாகவே இருப்பர். அங்குள்ள கற்படுக்கை ஒன்றில் தமிழ்பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட எழுத்துகள் அவை. மழையும் வெயிலும் அவற்றை அழித்துவிடவில்லை. எழுதப்பட்ட மொழியும் நம் தமிழே. ஆயினும் அதன் முன்னே நிற்கும் நம்மால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க இயலுவதில்லை. எந்தக் குறி எந்த ஒலியைக் காட்டும் என்பதில் எழுதியவனுக்கும் படிப்பவனுக்கும் இடையே இருந்த உடன்பாடு காலவெள்ளத்தில் மறைந்துபோனதே காரணம். கல்வெட்டறிஞர்கள் பல்லாண்டு உழைத்த பின்னரே அவ்வுடன்பாடு மீட்கப்பட்டது. எழுத்து நிலைத்திருப்பது மட்டும் போதாது. அதனைப் பற்றிய உடன்பாடும் நிலைத்திருக்க வேண்டும் என்பது அக்கல் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.

கணிப்பொறிக்குள் தமிழ் புகுந்த காலத்தில் இதே இடர்ப்பாடு மீண்டும் தலைதூக்கியது. இம்முறை அதற்கு ஈராயிரம் ஆண்டுகள் தேவைப்படவில்லை. சென்னையில் காலையில் தட்டிய கடிதத்தை அன்று மாலையே சிங்கப்பூரில் படிக்க முடியாமல் போயிற்று. அவ்விடர் நீங்க உழைத்த பெருமக்கள் சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி. அவருடைய வாழ்வையும் பணியையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் ஆசிரியப் பணியும்

கோவிந்தசாமி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பிறந்தார். சிங்கப்பூர் மண்ணில் இரண்டாம் உலகப் போரின் வடுக்கள் ஆறாதிருந்த காலம் அது. சப்பானியர் ஆட்சி ஒழிந்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் பிழைப்பு நாடிக் கடல் கடந்து சென்ற குடும்பங்கள் பல அங்கே வேரூன்றியிருந்தன. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றது. மக்கள்தொகையில் சிறுபான்மையராக இருந்த ஓர் இனத்தின் மொழிக்கு அத்தகைய இடம் கிடைத்தது பெரும்பேறு. ஆனால் சட்டத்தில் கிடைத்த இடத்தை வகுப்பறையிலும் வாழ்க்கையிலும் காப்பாற்ற வேண்டிய கடமை ஆசிரியர்களின் தோள்மீது விழுந்தது.

அக்கடமையை ஏற்றவர்களுள் ஒருவராகக் கோவிந்தசாமி தமிழாசிரியர் பணியில் அமர்ந்தார். பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளரானார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அக்கழகமே சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடம். ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விளங்கியதால், நாளைய வகுப்பறையில் தமிழ் எவ்வாறு இருக்கும் என்னும் வினா அவருக்கு ஏட்டுச் சிந்தனையாக இருக்கவில்லை. அன்றாடக் கவலையாகவே இருந்தது.

எழுத்தாளர் கோவிந்தசாமி

அவர் முதலில் ஓர் எழுத்தாளர். சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வைச் சிறுகதைகளில் வடித்தவர். வேள்வி என்னும் நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. இலக்கியக் களம் என்னும் அமைப்பின் வழியே எழுத்தாளர்கள் கூடிச் சிறுகதைகளைப் படித்து, குறைநிறைகளை ஆராயும் நல்வழக்கத்தை வளர்த்தார். 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. தாய்லாந்து நாட்டில், அரச குடும்பத்தாரின் ஆதரவில் வழங்கப்படும் சிறப்புமிக்க விருது அது.

கதை எழுதும் கை கணிப்பொறியை ஏன் நாடியது என்று சிலர் வியக்கக்கூடும். வியப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதியது பிறரைச் சென்றடைய வேண்டும் என்பதே எழுத்தாளனின் வேட்கை. ஓலை போய்த் தாள் வந்தபோதும், தாளை அச்சு ஆண்டபோதும், தட்டச்சுப் பொறி வந்தபோதும் தமிழ் ஒவ்வொரு முறையும் புதிய கருவிக்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியதை நாம் அறிவோம். அதே சிங்கப்பூரில் கணிப்பொறிக் காலத்தில் அப்பணியைத் தொடர்ந்தவர் கோவிந்தசாமி.

சிக்கலின் வேர்

கோவிந்தசாமியின் பணியை மதிப்பிட, அவர் எதிர்கொண்ட சிக்கல் யாது என்பதை அறிந்துகொள்வது இன்றியமையாதது. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணைச் சேமித்து, திரையில் காட்டும்போது அதற்குரிய வடிவத்தை வரைகிறது. அக்காலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு எட்டு இருமக் கூறுகளே ஒதுக்கப்பட்டன. எனவே 256 இடங்கள் மட்டுமே உண்டு. அவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு உரியனவாய் ஆஸ்கி என்னும் தரத்தால் முன்பே உறுதி செய்யப்பட்டிருந்தன. எஞ்சிய 128 இடங்களில்தான் தமிழ் குடியேற வேண்டும்.

தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் வேறு. 128 இடங்களில் 247 எழுத்துகள் எங்ஙனம் அடங்கும்? ஆகவே எழுத்துகளைத் துண்டுகளாக்கினர். ஒற்றைக்கொம்பு ஓரிடம், துணைக்கால் ஓரிடம், ககரம் ஓரிடம் என வைத்து, மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்திக் கொ என்னும் எழுத்தை உண்டாக்கினர். கு, கூ, மு, மூ போன்று தனி வடிவம் கொண்டவற்றுக்குத் தனியிடம் கொடுத்தனர்.

இதுவரை தவறில்லை. தவறு எங்கே நேர்ந்ததெனில், எந்தத் துண்டு எந்த எண்ணில் அமர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்ததில்தான். கனடாவில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், சுவிட்சர்லாந்தில் ஒருவர், சென்னையில் பல நிறுவனத்தார் எனப் பலரும் எழுத்துருக்களை ஆக்கினர். அனைவரும் தமிழ்ப்பற்றால் உழைத்தவர்களே. அவர்களது உழைப்பு போற்றுதற்குரியது. எனினும் ஒருவர் ககரத்தை வைத்த எண்ணில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையெனில், திரையில் தோன்றியது பொருளற்ற குறிகளின் கூட்டமே.

நம் ஊர் வழக்கில் ஓர் உவமை சொன்னால் இது எளிதில் விளங்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசு வழங்கியதை நம் அருங்காட்சியகத்தில் கண்டிருப்பீர்கள். ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் விசய என்னும் தெலுங்கு எழுத்தும் பொறித்த காசு அது. நவராத்திரிக் காலத்தில் அரிசியுடன் அக்காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. சமஸ்தானத்துக்குள் அது மதிப்புள்ள நாணயம்; எல்லை கடந்தால் சட்டப்படி செல்லும் நாணயம் அன்று. செம்பு மாறவில்லை, எடை மாறவில்லை, அம்மன் உருவமும் மாறவில்லை. ஏற்றுக்கொள்ளும் உடன்பாடு மட்டுமே எல்லையில் முடிந்தது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஓர் அம்மன் காசாகவே இருந்தது.

இந்திய அரசு இதனை உணராமலில்லை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக இஸ்கி என்னும் குறியேற்ற முறை வகுக்கப்பட்டு, 1991இல் இந்தியத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அதே 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொது முறையும் அதன் அடிப்படையிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. ஆயினும் இஸ்கி முறைக்குத் தனிக்கருவியோ தனி மென்பொருளோ வேண்டியிருந்தது. யூனிகோடோ, அன்றைய கணிப்பொறிகளில் நடைமுறைக்கு வரவில்லை. எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும் என்ற எளிய வழியையே மக்கள் நாடினர். எளிய வழி பல வழியாய்ப் பிரிந்தது.

கணியன்

இந்நிலையில் கோவிந்தசாமி உருவாக்கிய தமிழ் மென்பொருளின் பெயர் கணியன். கணிப்பவன் என்று பொருள்படும் இச்சொல்லைக் கேட்டதும் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் நினைவுக்கு வருவார். அப்புலவரின் பூங்குன்றம் என்று கருதப்படும் மகிபாலன்பட்டி, நம் பொன்னமராவதிக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. நம் எல்லையோரத்து ஊர்ப் புலவரின் பெயர் கடல் கடந்து ஒரு மென்பொருளுக்கு வாய்த்தது நமக்கு உவகை தரும் செய்தியன்றோ!

கணியனின் சிறப்பு அதன் விசைப்பலகையில் அடங்கியிருந்தது. பழைய தட்டச்சு முறையில் எழுத்தின் வடிவத்தைத் துண்டு துண்டாகத் தட்ட வேண்டும். கொ என்று எழுத முதலில் கொம்பு, பின் ககரம், பின் கால் எனத் தட்ட வேண்டும். நாவில் பிறக்கும் ஒலியின் வரிசை வேறு, விரல் தட்டும் வரிசை வேறு. கோவிந்தசாமி ஒலியின் வழியை மேற்கொண்டார். ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் உயிர்மெய்யைப் பொறியே கூட்டிக்கொள்ளும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கிறது என்று தொடக்கப்பள்ளியில் நாம் கற்ற இலக்கணமே விசைப்பலகையின் இலக்கணமாயிற்று. ஆசிரியராக இருந்தவர்க்கே தோன்றக்கூடிய வழி இது எனலாம். சிறுவன் ஒருவன் தட்டச்சுப் பயிற்சிக்குச் செல்லாமலே தமிழைத் தட்டக் கற்பதற்கு இதனால் வாயில் திறந்தது.

இணையத்தில் தமிழ்

1995ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்று நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். அதன் தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் எழுத்திலேயே வெளியான முதற்பக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வுப் பிரிவை நடத்திய டான் டின் வீ இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றார். சீனர் ஒருவரும் தமிழர் ஒருவரும் கூடித் தமிழை உலக வலையில் ஏற்றினர் என்பது நெஞ்சில் நிறுத்தத் தக்க நிகழ்ச்சியாகும்.

பெருங்கணினிகளின் உலகில்

இவ்விடத்தில் சற்றே விலகி, அக்காலத்து மீக்கணினிகளின் உலகையும் நோக்குவோம். எழுத்துருச் சிக்கல் தமிழருக்கு மட்டுமே நேர்ந்த தலைவிதி என்று எண்ணுவோர்க்கு அது தெளிவு தரும்.

வானிலைக் கணிப்பு போன்ற பெரும்பணிகளுக்கு ஒரே செயலி போதாமையால், நூற்றுக்கணக்கான செயலிகளை இணைத்து மீக்கணினிகள் கட்டப்பட்டன. நம் நாட்டிலும் புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை உருவாக்கியது. இத்தகைய பொறிகளில் செயலிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டே கணக்கைச் செய்கின்றன. அச்செய்தியை அனுப்பும் முறையை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வகுத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. பொறி மாறினால் பல்லாண்டு உழைத்து எழுதிய நிரலைத் திருத்தி எழுத வேண்டும்.

1992இல் அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் இதற்குத் தீர்வு காணக் கூடினர். ஏறத்தாழ 40 நிறுவனங்களைச் சேர்ந்த 60 பேர் கலந்து பேசி, 1994இல் எம்.பி.ஐ. என்னும் பொதுத்தரத்தை வெளியிட்டனர். எந்த ஒரு நிறுவனத்தின் முறையையும் அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. பலவற்றின் நற்கூறுகளைத் திரட்டிப் புதியதொன்றை அமைத்தனர். அவரவர் தம்முடையதைச் சிறிது விட்டுக்கொடுத்ததால் அனைவர்க்கும் பொதுவானது ஒன்று கிடைத்தது. அறிவியலார் எழுதும் நிரல்கள் இன்றும் அத்தரத்தின் துணையால்தான் ஒரு மீக்கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. கோடிக்கணக்கில் பொருட்செலவு செய்த பெரும்பொறிகளுக்கும், வீட்டு மேசையில் தமிழ் தட்டிய சிறுபொறிக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. கோவிந்தசாமிக்குத் துணைநின்ற டான் டின் வீ பிற்காலத்தில் சிங்கப்பூரின் தேசிய மீக்கணினி மையத்துக்குத் தலைமை தாங்கினார் என்பதும் இங்கு எண்ணத் தக்கது.

சிங்கப்பூர் மாநாடும் சென்னை மாநாடும்

தமிழில் அம்மருந்தைத் தேடிய கூட்டம் ஒன்று 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் கூடியது. தமிழ்நெட் 97 என்று அழைக்கப்பட்ட அம்மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களுள் கோவிந்தசாமி முதன்மையானவர். தனித்தனியே எழுத்துரு செய்துவந்த பல நாட்டுத் தமிழர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து குறியேற்றம் பற்றியும் விசைப்பலகை பற்றியும் வாதிட்டனர். ஒரே நாளில் முடிவு எட்டப்படவில்லை. எட்டப்படும் என்று எதிர்பார்க்கவும் இயலாது. தன் எழுத்துருவே சிறந்தது என்று நம்புவதற்கு ஒவ்வொருவரிடமும் காரணம் இருந்தது. ஆனால் தனித்தனியே இருந்து தீர்க்க முடியாத சிக்கல் இது என்னும் உணர்வு அங்கே வேரூன்றியது. இணையவழியே தொடர்ந்த கலந்துரையாடலிலிருந்து டிஸ்கி என்னும் குறியேற்ற முறையும் உருப்பெற்றது.

அடுத்து, 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 7, 8 ஆகிய நாட்களில் தமிழக அரசு சென்னையில் தமிழ் இணையம் 99 மாநாட்டை நடத்தியது. அம்முயற்சியின் பயனாய் டாம், டாப் என்னும் இருவகைக் குறியேற்றங்களும், தமிழ் 99 விசைப்பலகையும் உருவாயின. தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் அமைந்தன. மெய்யையும் உயிரையும் தட்ட உயிர்மெய் தானே பிறக்கும். கோவிந்தசாமி பற்றி நின்ற ஒலியியல் நெறியே அதன் அடிப்படை.

இங்கு ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். பொதுத்தரமாக ஏற்கப்பட்டது கணியன் அன்று. முரசு அன்று, மயிலை அன்று, தனியொருவர் செய்த எதுவும் அன்று. பல்லாண்டு தம் உழைப்பால் வளர்த்த ஒன்று பொதுவான ஒன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கும் என்பதை அறிந்தே பொதுத்தரம் வேண்டி ஒருவர் உழைக்கிறார். தன் பெயர் நிலைப்பதற்கு உழைப்போர் உலகில் பலர். தன் ஆக்கம் கரைந்து பொதுவில் கலப்பதற்கு உழைப்போர் சிலரே. கோவிந்தசாமியின் பெருமை அந்தச் சிலருள் ஒருவராய் இருந்ததில் அடங்கியுள்ளது.

மறைவு

விதி கொடியது. தமிழக அரசு அப்புதிய தரங்களை 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏற்று அறிவித்தது. அதனைக் காணக் கோவிந்தசாமி உயிருடன் இல்லை. மே 26ஆம் நாள், தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். சென்னை மாநாடு முடிந்து நான்கு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. எழுத வேண்டிய கதைகளும் முடிக்க வேண்டிய பணிகளும் எஞ்சி நின்றன.

அவர் மறைந்த மறு ஆண்டில், சிங்கப்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு மீண்டும் கூடியது. உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அவ்வாண்டில் தோன்றியது. பல நாட்டுத் தமிழ்க் கணிமையர் கூடி முடிவெடுக்கும் மரபு ஓர் அமைப்பாக நிலைபெற்றது.

பின்னாளில் நிகழ்ந்தது

டாமும் டாப்பும் நெடுநாள் ஆளவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். எட்டுக் கூற்றின் எல்லையைத் தாண்டிய யூனிகோடு முறை கணிப்பொறிகளில் நடைமுறைக்கு வந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் லதா என்னும் தமிழ் எழுத்துருவும் உடன் வந்தது. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, அது இயலாத இடங்களுக்கு மாற்றாக டேஸ் 16 என்னும் முறையையும் அறிவித்தது. இன்று நம் கைப்பேசியில் தட்டும் தமிழ் உலகின் எம்மூலையிலும் தமிழாகவே தோன்றுகிறது.

அப்படியாயின் 1997இலும் 1999இலும் நிகழ்ந்த உழைப்பு வீணா? அன்று. ஒரு தரம் மறையலாம். அதைவிடச் சிறந்தது வரலாம். கூடி ஒரு முடிவுக்கு வரும் பழக்கம் மறையக் கூடாது. எழுத்துத் துண்டுகளைச் சேமிப்பதா, எழுத்தையே சேமிப்பதா என்னும் வினாவைத் தமிழர்கள் முன்பே அலசியிருந்தமையால்தான், யூனிகோடு வந்தபோது அதன் குறைநிறைகளைத் தெளிவாகப் பேச முடிந்தது. தமிழ் 99 விசைப்பலகையோ குறியேற்றங்கள் மாறிய பின்னும் வாழ்கிறது. ஒலியின் இலக்கணத்தில் ஊன்றி நின்றதால், உள்ளே எண்கள் மாறியும் வெளியே விரல்கள் மாற வேண்டியிருக்கவில்லை.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இக்கட்டுரை ஒரு மனிதரின் புகழ்பாடுவதோடு முடிந்துவிடக் கூடாது. அவர் தொடங்கிய பணியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1990களிலும் அதற்குப் பின்னரும் தட்டச்சான தமிழ் நூல்களும் இதழ்களும் ஆய்வேடுகளும் பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் குறுந்தட்டுகளிலும் பழைய கணிப்பொறிகளிலும் உறங்குகின்றன. அச்சகங்கள் சிலவற்றில் இன்றும் அக்குறியேற்றங்கள் புழங்குகின்றன. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை அறிந்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெற்றுச் சென்ற பின் அக்கோப்புகள் ஏழடிப்பட்டக் கல்வெட்டைப் போலாகும். குறிகள் இருக்கும், படிக்கும் வழி தேட வேண்டியிருக்கும். கல்வெட்டுக்கேனும் உறுதியான கல் இருந்தது. குறுந்தட்டுக்கு அத்துணை ஆயுள் இல்லை.

கணினித் துறை மாணவர்களும் தமிழ்த்துறை மாணவர்களும் கூடி, தத்தம் ஊரில் உள்ள அத்தகைய கோப்புகளைக் கண்டறிந்து, யூனிகோடுக்கு மாற்றி, நூலகங்களில் சேர்க்கலாம். மாற்று மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. வேண்டுவது ஒரு விடுமுறைக் காலத்து உழைப்பு மட்டுமே. தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பறைக்கு அப்பாலும் நோக்கி, உலகத் தமிழர் எழுதுவதை உலகத் தமிழர் படிக்க வழிதேடினார். அன்னாரை நினைவுகூர அதைவிடச் சிறந்த வழி வேறில்லை.